காரணம் சொல்லும் விருது

(ஒரகடத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதல் ஷிப்ட் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்தவர்கள் இருக்கிறீர்கள். இரவு ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டியவர்களும் இருக்கிறீர்கள். எனவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

சினிமா விமர்சகர்கள் கூடி ஆண்டுதோறும் கொடுக்கும் விருதுகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். காரும் கைப்பேசியும் செய்கிற ஊரில் இந்தப் பேச்சு எதற்கு என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். எனக்கென்னவோ இதைப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது என்றுதான் படுகிறது. எத்தனை செய்தோம் என்று எண்ணுவது ஒரு வேலை, செய்தது தேறுமா என்று பார்ப்பது வேறொரு வேலை. இந்த வித்தியாசம் ஒரகடத்துக்குத் தெரிந்த அளவு கோடம்பாக்கத்துக்குத் தெரியாது.

லைனுக்கு மேலே ஒரு போர்டு இருக்கும். டார்கெட் இவ்வளவு, முடித்தது இவ்வளவு என்று அதில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். லைன் முடிகிற இடத்தில் நிற்கும் கியூ.சி. ஆளுக்கு அந்த எண்ணோடு வேலையில்லை. தன் முன்னால் வந்து நிற்கும் ஒரு வண்டியைத்தான் அவர் பார்ப்பார். ரிஜெக்ட் என்றால் என்ன குறை என்று எழுத வேண்டும், தேறிவிட்டது என்றால் தன் முத்திரையை வைக்க வேண்டும். டார்கெட்டை முடிக்க வேண்டிய சூப்பர்வைசருக்குக் கீழே அவரைக் கொண்டுபோய் வைத்தால் அந்த முத்திரைக்குக் காலணா மதிப்பில்லை என்று உங்களுக்குத் தெரியும். சினிமாவில் வசூல் என்பது போர்டில் ஓடும் எண். விமர்சகர் விருது என்பது கடைசியில் விழும் முத்திரை. முத்திரை வைப்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர், அவர் காரணம் எழுதினாரா? என் பேச்சு முழுவதும் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான் வரும்.

யார் கொடுக்கும் விருது?

சினிமா விருதுகளைத் தேர்ந்தெடுப்பவர்களை வைத்து நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, அரசு நியமிக்கும் நடுவர் குழு கொடுப்பது. தேசியத் திரைப்பட விருதுகள் 1954இல் தொடங்கின. தமிழில் முதல் பதக்கம் 'மலைக்கள்ள'னுக்குக் கிடைத்தது. ஒரு தமிழ்ப் படம் நாட்டின் சிறந்த படமாகத் தேறுவதற்கு 1990ஆம் ஆண்டுக்கான விருதுகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் படம் கே.எஸ். சேதுமாதவனின் 'மறுபக்கம்'. அரசு விருதுக்கு மரியாதை உண்டு, கூடவே அரசாங்கக் கோப்பின் வேகமும் உண்டு. 2009 முதல் 2014 வரை ஆறு ஆண்டுகளுக்கான தமிழக அரசு விருதுகள் 2017 ஜூலையில் ஒரே நாளில் அறிவிக்கப்பட்டன. கலைஞர்கள் கையில் அவை வந்து சேர்ந்தது 2022 செப்டம்பரில். குழந்தை நட்சத்திரத்துக்கான விருதை வாங்க மீசை வைத்த இளைஞர் மேடையேற வேண்டிய அளவுக்குத் தாமதம்.

இரண்டாவது, வாசகர்களும் ரசிகர்களும் வாக்களித்துக் கொடுப்பது. பிலிம்பேர் விருது அப்படித்தான் தொடங்கியது. ஆனால் அது 1954இல் பிறந்தபோது அதற்கு வைத்த பெயர் 'கிளேர்ஸ்'. டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் சினிமா விமர்சனம் எழுதிய கிளேர் மெண்டோன்சாவின் நினைவாக வைத்த பெயர் அது. நட்சத்திர விழா என்று இன்று நாம் அறிந்த ஒன்று ஒரு விமர்சகரின் பெயரில்தான் நடக்கத் தொடங்கியது என்பது பலருக்கு மறந்தே போய்விட்டது.

மூன்றாவது, தொழிலில் இருப்பவர்களே தங்களுக்குள் கொடுத்துக்கொள்வது. ஆஸ்கர் இந்த வகை. நான்காவதுதான் இன்றைக்கு நம் பேச்சு: படம் எடுக்காத, படத்தில் பணம் போடாத, படம் பார்த்து எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் கூடிக் கொடுப்பது.

நியூயார்க்கும் கல்கத்தாவும்

1935இல் நியூயார்க் நகரத்துப் பத்திரிகை விமர்சகர்கள் கூடி ஒரு வட்டம் அமைத்தார்கள். ஆஸ்கர் தொடங்கி அப்போது ஆறேழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் தங்களுக்குத் தாங்களே மாலை போட்டுக்கொள்கின்றன என்ற முணுமுணுப்பு இருந்த காலம். கண்டத்தின் மறு கோடியில், ஸ்டூடியோக்களின் கை எட்டாத தூரத்தில் இருந்தவர்கள் மறு தீர்ப்பு எழுத உட்கார்ந்தார்கள்.

அந்த மறு தீர்ப்புக்கு என்ன மதிப்பு என்பது 1941இல் தெரிந்தது. ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' அந்த ஆண்டு வெளிவந்தது. தன்னைக் குறித்துத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று கோபம் கொண்ட பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட், தன் பத்திரிகைகளில் அந்தப் படத்தின் விளம்பரம்கூட வராமல் பார்த்துக்கொண்டார். ஒன்பது பிரிவுகளில் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற படத்துக்குக் கடைசியில் திரைக்கதைக்கான ஒரே ஒரு விருதுதான் கிடைத்தது. நியூயார்க் விமர்சகர்கள் அதே ஆண்டின் சிறந்த படம் என்று அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். எந்தத் தேர்வு நின்றது என்பதைச் சினிமா வரலாறு படித்த எவரும் சொல்வார்கள்.

இன்னொரு சம்பவம் 1985இல் நடந்தது. டெர்ரி கில்லியம் 'பிரேசில்' என்றொரு படம் எடுத்தார். கோப்புகளும் படிவங்களும் மனிதனை விழுங்கிவிடும் ஒரு அரசைப் பற்றிய படம். முடிவு சோகமாக இருக்கிறது, நீளமாக இருக்கிறது, மாற்ற வேண்டும் என்று யூனிவர்சல் நிறுவனம் படத்தை அமெரிக்காவில் வெளியிடாமல் நிறுத்தி வைத்தது. எப்போது வெளியிடப் போகிறீர்கள் என்று அந்த நிறுவனத்தின் தலைவரை வெளிப்படையாகக் கேட்டுப் பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரமே கொடுத்தார் கில்லியம். லாஸ் ஏஞ்சல்ஸ் விமர்சகர் சங்கம், அமெரிக்காவில் வெளிவராத அந்தப் படத்தையே ஆண்டின் சிறந்த படமாக அறிவித்தது. சிறந்த இயக்கம், சிறந்த திரைக்கதை என்ற விருதுகளையும் சேர்த்துக் கொடுத்தது. அந்த டிசம்பரிலேயே படம் திரைக்கு வந்துவிட்டது. பூட்டி வைத்த படத்தின் கதவை ஒரு விருது திறந்தது என்றால், விருதுக்கு மேடையும் விளக்கும் தவிர வேறு வேலையும் இருக்கிறது என்றுதானே பொருள்?

இது மேற்கத்திய சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். நியூயார்க் வட்டம் தொடங்கி இரண்டே ஆண்டில், 1937இல், கல்கத்தாவில் வங்கத் திரைப்படப் பத்திரிகையாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் மிகப் பழைய விமர்சகர் அமைப்பு அதுதான். தேசிய விருது என்ற எண்ணமே பிறக்காத காலத்தில், நாடு விடுதலை பெறுவதற்கு ஏறக்குறையப் பத்தாண்டு முன்னால், நம் பத்திரிகையாளர்கள் விருது கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். கேரளத்தில் 1970களின் பிற்பகுதியிலிருந்து திரைப்பட விமர்சகர் சங்கம் ஆண்டுதோறும் விருது கொடுத்துவருகிறது. பல மொழிப் படங்களையும் சேர்த்துப் பார்க்கும் பிலிம் கிரிட்டிக்ஸ் கில்டு என்ற அமைப்பு 2018இல் தொடங்கியது.

தமிழின் கதை

தமிழில் விமர்சனத்துக்குப் பஞ்சமில்லை. பேசும்படம் வந்த சில ஆண்டுகளிலேயே கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் ஆடலையும் பாடலையும் சினிமாவையும் வெளுத்துக் கட்டினார். 1935இல் 'பக்த நந்தனார்' வந்தபோது, கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்று ஊரே வாய் பிளந்தது. கல்கியோ அந்தப் படத்தில் மனிதர்களை விட்டுவிட்டு மரத்தையும் கால்நடையையும் பாராட்டிக் கேலி செய்தார். இந்தத் துணிச்சல் நம் விமர்சனத்தின் பிறவிக் குணம்.

ஆனால் அது பிறந்த வீட்டையும் பார்க்க வேண்டும். விகடனை நடத்திய எஸ்.எஸ். வாசன்தான் பின்னால் ஜெமினி ஸ்டூடியோவின் அதிபர். விமர்சனம் எழுதிய கல்கியின் கதைதான் 1939இல் கே. சுப்ரமணியம் இயக்கிய 'தியாகபூமி'. அது விகடனில் தொடராக வந்தபோது படத்தின் புகைப்படங்களே சித்திரங்களாக அச்சாயின. யாரையும் குறை சொல்ல இதை நான் எடுக்கவில்லை. அவர்கள் பெரிய மனிதர்கள், பெரிய காரியங்கள் செய்தவர்கள். பத்திரிகையும் ஸ்டூடியோவும் கதாசிரியரும் விமர்சகரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். விமர்சகர்கள் தனிச் சங்கமாகப் பிரிந்து நிற்க வேண்டிய தேவையை இந்த நெருக்கம் மங்கவைத்தது என்பது என் கணிப்பு.

பிற்பாடு விகடனே ஒரு வழி கண்டது. நூற்றுக்கு இத்தனை மார்க் என்று விமர்சனக் குழு போட்டது. பாரதிராஜாவின் '16 வயதினிலே' வாங்கிய அறுபத்திரண்டரை மார்க் இன்றும் பேசப்படுகிறது. அந்த அரை மார்க்தான் எனக்கு முக்கியம். அரைக்காக உள்ளே வாதாடியிருக்கிறார்கள் என்று அது காட்டிக்கொடுக்கிறது. நூற்றுக்கு அறுபதைத் தொடுவதே அபூர்வம் என்ற கறார் வாசகருக்குப் பிடித்திருந்தது. பேருந்தில் வரும்போது "விகடன்ல எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுப் படத்துக்குப் போன தலைமுறை ஒன்று உண்டு. இருந்தாலும் அது ஒரு பத்திரிகையின் மார்க். பல பத்திரிகையைச் சேர்ந்த விமர்சகர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சண்டை போட்டு, வாக்களித்து, அதை விடாமல் பல பத்தாண்டு நடத்துகிற வழக்கம் வங்கத்தைப் போலவோ கேரளத்தைப் போலவோ நம்மிடம் வேர்பிடிக்கவில்லை.

ஆள் இல்லாமல் இல்லை. அஞ்சல் துறையில் உயர் பதவியில் இருந்துகொண்டே தமிழ் சினிமாவை ஆராய்ந்த தியடோர் பாஸ்கரனின் நூலுக்குத் தேசிய விருது கிடைத்தது. 2005ஆம் ஆண்டின் சிறந்த திரைப்பட விமர்சகருக்கான தேசிய விருதைப் பரத்வாஜ் ரங்கனும், 2016க்கான விருதைத் தனஞ்செயனும் பெற்றார்கள். ஜான் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை' படத்துக்குத் திரைக்கதை எழுதிய வெங்கட் சாமிநாதன், விட்டுக்கொடுக்காத விமர்சகர் என்று பெயரெடுத்தவர். தனித்தனியாகத் தேர்ந்த ஆட்கள் இருந்தும், கூடி ஒரு தீர்ப்புச் சொல்லும் பழக்கம்தான் வளரவில்லை.

அதற்கு ஒரு விலை உண்டு. 2022 அக்டோபரில், சர்வதேச விமர்சகர் கூட்டமைப்பின் இந்தியக் கிளை, தன் உறுப்பினர்கள் 30 பேரிடம் ரகசிய வாக்கெடுப்பு நடத்தி, இந்தியாவின் மிகச் சிறந்த பத்துப் படங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. 'பதேர் பாஞ்சாலி' முதலிடம். மூன்று வங்கப் படம், ஐந்து இந்திப் படம், ஒரு மலையாளப் படம், ஒரு கன்னடப் படம். தமிழ்ப் படம் ஒன்றுகூட இல்லை. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' இல்லை, பாலு மகேந்திராவின் 'வீடு' இல்லை. சதி என்று கத்தினால் வேலை முடிந்துவிடும், ஆனால் நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு படம் இப்படியொரு பட்டியலுக்குள் நுழைய, ஆண்டுக்கு ஆண்டு யாராவது அதன் பெயரைக் காரணத்தோடு சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வங்காளிகளும் மலையாளிகளும் சங்கம் வைத்துச் சொன்னார்கள். நாம் டீக்கடையில் சொன்னோம். டீக்கடைப் பேச்சுக்கு மினிட்ஸ் புத்தகம் கிடையாது.

விமர்சகர்களுக்கும் ஆடிட் வேண்டும்

விமர்சகர் என்றாலே உத்தமர் என்று சொல்ல நான் வரவில்லை. கோல்டன் குளோப் விருதின் கதையைப் பாருங்கள். ஹாலிவுட்டில் இருந்த வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சங்கம் கொடுத்த விருது அது. ஆஸ்கருக்கு அடுத்த புகழ், கோடி கோடியாகத் தொலைக்காட்சி வருமானம். 2021 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் தோண்டிப் பார்த்தபோது, வாக்களிப்பவர்கள் மொத்தமே 87 பேர், அவர்களில் கருப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை என்பது வெளியே வந்தது. தயாரிப்பாளர் செலவில் சொகுசுப் பயணம் போய் வந்ததும் அம்பலமானது. 2022 விழாவை ஒளிபரப்ப மாட்டோம் என்று தொலைக்காட்சி நிறுவனம் விலகியது. 2023இல் அந்தச் சங்கமே கலைக்கப்பட்டு, விருது வேறு கைக்குப் போனது. கியூ.சி. ஆள் சூப்பர்வைசரோடு விருந்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்.

இதற்கு நேரெதிரான முறையும் அதே நாட்டில் இருக்கிறது. 1966இல் தொடங்கிய தேசிய விமர்சகர் சங்கம் ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று பெயர் எழுதச் சொல்கிறது. முதல் பெயருக்கு மூன்று புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்று. முடிவு வரும்போது வென்றவருக்கு எத்தனை புள்ளி, அடுத்து வந்தவர்களுக்கு எத்தனை என்று சேர்த்தே வெளியிடுகிறார்கள். பெரிய மேடை கிடையாது. எண்கள் வெளியே தெரிவதால், ஒரு படம் ஒரு மனதாக வென்றதா, இழுபறியில் வென்றதா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

விமர்சகர் என்றால் ஜனங்கள் ரசிக்கும் படத்தை வெறுப்பவர் என்ற குற்றச்சாட்டும் உண்டு. நியூயார்க் வட்டம் 2022இல் சிறந்த இயக்குநராகத் தேர்ந்தெடுத்தது 'ஆர்.ஆர்.ஆர்.' எடுத்த ராஜமௌலியை. விசில் பறந்த படத்தை எடுத்தவருக்குத்தான் அந்த விருது. எதிர்ப்பதும் பாராட்டுவதும் விமர்சகரின் வேலையில் அடக்கம், கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்வது மட்டும் அடக்கமில்லை.

நம் ஊரில் பிரச்சினை வேறு திசையில் போகிறது. 2024 நவம்பரில் ஒரு பெரிய படத்துக்கு முதல் நாளே அடி விழுந்தது. தியேட்டர் வாசலில் யூடியூப் சேனல்களுக்கு இடம் கொடுக்காதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கம் அறிக்கை விட்டது. படம் வெளியான முதல் மூன்று நாள் இணையத்தில் விமர்சனமே கூடாது என்று கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்துவிட்டது. தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டி "மொக்கை" என்று வாங்கிப் போடுவதை நான் விமர்சனம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பார்வையாளர் வாயை மூன்று நாள் கட்டிவிட்டுத்தான் வண்டியை விற்க முடியும் என்றால், குறை வாயிலா வண்டியிலா?

உழைப்பைப் பற்றிய படங்கள்

இனி உங்கள் பக்கம் வருகிறேன். வேலை செய்கிற மனிதரைப் பற்றிய தமிழ்ப் படங்களை வசூல் காப்பாற்றியதைவிட விருது காப்பாற்றியதுதான் அதிகம். குப்பை பொறுக்கும் பெண்ணின் வாழ்க்கையை எடுத்த துரையின் 'பசி', 1979க்கான சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருது பெற்றது. ஷோபாவுக்குச் சிறந்த நடிகை விருதும் கிடைத்தது. சிமெண்ட் ஆலைப் புகையையும் அதற்குப் பின்னால் இருக்கும் அதிகாரத்தையும் பேசிய ஹரிஹரனின் 'ஏழாவது மனித'னுக்கு 1982க்கான விருது. ரகுவரன் அறிமுகமான படம் அது. கடன் வாங்கி ஒரு சின்ன வீடு கட்ட முயலும் சம்பளக்காரப் பெண்ணின் கதையான 'வீடு' 1987க்கான விருது பெற்றது.

இதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் கதைக்கும் விருது கிடைத்திருக்கிறது. பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' 2007ஆம் ஆண்டுக்கு இந்தியாவின் சிறந்த படமாகத் தேர்வானது, பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகர். ஊருக்கெல்லாம் பட்டு நெய்யும் நெசவாளி, தன் மகளைப் பட்டுப் புடவையில் கட்டிக்கொடுப்பேன் என்று சொல்லிவிட்டு, முதலாளி வீட்டிலிருந்து பட்டு நூலை வாயில் மறைத்துக் கொண்டுவருகிறான். சங்கத்தில் சேர்ந்து வேலைநிறுத்தத்தை நடத்துகிறவனும் அவன்தான், அந்தப் புடவைக்காகவே வேலைநிறுத்தம் முடிய வேண்டும் என்று ஏங்குகிறவனும் அவன்தான். தான் செய்யும் பொருளைத் தன்னால் வாங்க முடியாத மனிதனின் கதை இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் நடந்தது. லைனில் நிற்கிற எத்தனை பேர் தாங்கள் பூட்டுகிற காரில் குடும்பத்தோடு போயிருக்கிறீர்கள்?

ஆனால் உங்கள் கதை எங்கே? 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வண்டி இறங்கத் தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தது, 2014 நவம்பர் 1இல் அதன் கதவு மூடியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர். விடுதிச் சாப்பாடு கெட்டுப் பல பெண்கள் மருத்துவமனைக்குப் போனபோது, 2021 டிசம்பரில் பெண் தொழிலாளர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலுக்கு உட்கார்ந்தார்கள். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கால் நூற்றாண்டில் இத்தனை நாடகம் நடந்த இடத்தை முழுதாக எடுத்துக்கொண்ட கதைப்படம் எதுவும் நான் பார்த்த வரையில் இல்லை.

ஆலை என்று தமிழ்ப் படத்தில் வருவதைப் பார்த்து நீங்கள் சிரிப்பதை நான் கேட்டிருக்கிறேன். ஓடாத மெஷினுக்கு முன்னால் ஸ்பானரை ஆட்டிக்கொண்டு நிற்பார்கள். கையுறை இருக்காது, காதடைப்பான் இருக்காது, ஐம்பது பேர் ஒரே நேரத்தில் வேலையை விட்டுவிட்டு நாயகன் பேச்சைக் கேட்பார்கள். லைன் நின்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் சிரிக்கிறீர்களே, அதுதான் விமர்சனம். ஒளிப்பதிவையும் பின்னணி இசையையும் பற்றி அழகாக எழுதத் தெரிந்த நகரத்து விமர்சகர் கண்ணில் இந்தப் பிழை படுவதில்லை. நெசவுக் காட்சியில் கை ஓட்டம் சரியா என்று சொல்ல நெசவாளி வேண்டும், அசெம்பிளி லைன் உண்மையா என்று சொல்ல நீங்கள் வேண்டும்.

இந்தியாவில் எடுத்த ஒரு படத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்'. மும்பையில் வேலை பார்க்கும் இரண்டு மலையாளி நர்ஸ்கள், அதே மருத்துவமனையில் சமைக்கும் ஒரு பெண். நர்ஸ்கள் இருவரும் ஒரே வீட்டில் வாடகையைப் பங்கு போட்டு வாழ்கிறார்கள். சமையல்காரப் பெண்மணி பல ஆண்டு குடியிருந்த வீட்டுக்குக் கையில் ஒரு காகிதமும் இல்லாததால் அதை இழக்கிறார். 2024 மே மாதம் இந்தப் படம் கான் விழாவில் கிராண்ட் பிரிக்ஸ் வாங்கியது. முப்பது ஆண்டுக்குப் பிறகு அந்த விழாவின் முதன்மைப் போட்டிக்குள் போன இந்தியப் படம் அதுதான். ஆனால் அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்ப இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் 13 பேர் கொண்ட குழு தேர்ந்தெடுத்தது 'லாபட்டா லேடீஸ்' படத்தை. நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் விமர்சகர் அமைப்புகள் இரண்டுமே சிறந்த வெளிநாட்டுப் படமாகக் கபாடியாவின் படத்தைத் தேர்ந்தெடுத்தன. புள்ளிக் கணக்கை வெளியிடும் அந்த அமெரிக்கத் தேசிய விமர்சகர் சங்கம், சிறந்த இயக்குநர் விருதையே அவருக்குக் கொடுத்தது.

வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஊரை விட்டு வந்து, அறையைப் பகிர்ந்துகொண்டு, சம்பளத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்புகிற பெண்களின் வாழ்க்கையைப் பற்றி அந்தப் படம் பேசுவது யாருக்கு அதிகம் புரியும்? கானில் உட்கார்ந்த நடுவர்களுக்கா, அந்த விடுதியில் இருப்பவர்களுக்கா? அவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றும் சொல்லலாம். மெதுவாகப் போகிறது என்று சொல்லலாம். எங்கள் வாழ்க்கையில் இவ்வளவு மௌனம் கிடையாது, நாங்கள் சத்தமாகச் சிரிப்போம் என்று சொல்லலாம். அதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு மேசை வேண்டும்.

இங்கே ஒன்று தொடங்கலாமா?

எனவே என் யோசனை இதுதான். இந்தத் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கூடிப் படங்களுக்கு விருது கொடுங்கள். தொகை வேண்டாம், நட்சத்திரம் வர வேண்டாம். கோப்பை வேண்டுமென்றால் லேத்தில் கடைந்து கொடுக்க இங்கே ஆளா இல்லை? சில விதிகளை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தை முழுதாகப் பார்த்தவர் மட்டும் வாக்களிக்க வேண்டும். மூன்று, இரண்டு, ஒன்று என்று புள்ளி போடுங்கள், மொத்தப் புள்ளியை வெளியே ஒட்டுங்கள். எந்தக் கம்பெனியிடமும், எந்தக் கட்சியிடமும், எந்தத் தயாரிப்பாளரிடமும் ஒரு பைசா வாங்காதீர்கள். மண்டப வாடகையை உறுப்பினர்கள் தலைக்கு இவ்வளவு என்று போட்டுக்கொள்ளுங்கள். பெர்மனென்ட், காண்ட்ராக்ட், டிரெய்னி மூன்று தரப்பினரும் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். பெண்கள் பாதிக்குக் குறையக் கூடாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்பவர்கள் தங்கள் மொழிப் படத்தைப் பரிந்துரைக்க வழி இருக்க வேண்டும்.

ஒவ்வொரு விருதுக்கும் அரைப் பக்கம் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதுதான் எல்லா விதிக்கும் தலை விதி. 'சிறப்பாக இருந்தது' என்று எழுதினால் திருப்பி அனுப்புங்கள், அது ரீவொர்க். எந்தக் காட்சி, எந்த நடிப்பு, ஏன் என்று இருக்க வேண்டும். தோற்ற படத்துக்காக வாதாடியவர்களின் காரணத்தையும் சேர்த்து அச்சடியுங்கள். பத்து ஆண்டு கழித்து அந்தத் தோற்ற காரணமே சரி என்று தெரியலாம்.

இரண்டு விருதுகள் மட்டும் என் ஆசைக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, அந்த ஆண்டு இந்தப் பகுதித் தியேட்டர் எதிலும் வராத ஒரு நல்ல படத்துக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள் 'பிரேசி'லுக்குச் செய்தது அதுதான். விருது கொடுத்த கையோடு அந்தப் படத்தை ஒரு திரை கட்டி இங்கேயே போடுங்கள். மற்றது, படப்பிடிப்புத் தொழிலாளிக்கு. பூந்தமல்லி தாண்டி வரும்போது செம்பரம்பாக்கத்தில் ஒரு பெரிய படப்பிடிப்புத் தளம் இருக்கிறதே, 2020 பிப்ரவரி 19 இரவு 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் விழுந்து மூன்று பேர் இறந்தது அங்கேதான். உலகத்தின் எந்த விமர்சகர் விருதிலும் லைட்மேனுக்கும் கிரேன் ஆபரேட்டருக்கும் செட் போடும் தச்சருக்கும் ஒரு பிரிவு இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. சேஃப்டி ஷூவின் அருமை தெரிந்த ஊர் அதைத் தொடங்கி வைக்கட்டும்.

முதல் ஆண்டு பத்துப் பேர்தான் வருவார்கள். பரவாயில்லை. 'வீடு' மேலா 'காஞ்சிவரம்' மேலா என்று பத்துப் பேர் சண்டை போட்டாலும், அதை எழுதி வைத்தால் அது ஒரு தீர்ப்பு. கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறவர்கள், கிளம்பும் முன் இந்த ஆண்டு நீங்கள் பார்த்ததில் ஒரு படத்தின் பெயரையும், அது ஏன் என்று இரண்டு வரியும் வாசலில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். கீழே பெயரோடு கையெழுத்தும் இருக்கட்டும்.